இருபதாயிரம் ரூபாய் கோட்-சூட்: நாலு வருஷ உழைப்புக்குப் பிறகு எது நிற்கிறது

வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்தாலே நாலு வருஷத்தில் ஒரு சூட் 400 தடவை உடம்பில் ஏறி இறங்கிவிடும். அத்தனை தடவை உழைத்த சூட்டைப் பிரித்துப் பார்த்தால், அதன் ஆயுளை முடிவு செய்தவை இரண்டே இடங்கள் என்பது விளங்கும்: கோட்டின் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்திருக்கும் துணி, பேண்ட்டில் இரண்டு தொடையும் சேரும் இடம். கடைக் கண்ணாடி முன் நிற்கும்போது இரண்டுமே கண்ணில் படாது.

முதலில் நெஞ்சு. மேல்துணிக்கும் லைனிங் என்ற உள்துணிக்கும் நடுவே விறைப்புக்காக ஒரு துணி இருக்கும். விலை குறைந்த ரெடிமேட் கோட்டில் அதைப் பசையும் சூடும் கொடுத்து மேல்துணியோடு ஒட்டிவிடுகிறார்கள். ஃப்யூசிங் என்பது இதுதான். முதல் வருஷம் குறையே தெரியாது, பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். டிரை வாஷ் திரவமும் நீராவி இஸ்திரியும் வியர்வை ஈரமும் மாறி மாறிப் படப் படப் பசை விட்டுப்போய், காலர் மடிப்பிலும் மார்பிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பும். இஸ்திரி போட்டால் அமுங்கும், நாலு நாளில் திரும்ப எழும்பும். இதற்கு நிரந்தர மருந்து கிடையாது.

கேன்வாஸ் வைத்த கோட்டில் இந்தச் சிக்கல் வராது. விலங்கு முடி கலந்து நெய்த அந்தத் துணியைத் தையல் மட்டுமே பிடித்திருக்கிறது. நாளாக ஆக உடம்பின் வளைவுக்குப் படிந்தும் கொடுக்கும். முழு கேன்வாஸ் இந்தப் பணத்தில் கட்டுப்படியாகாது. தோளிலிருந்து மார்பு வரை கேன்வாஸும் அதற்குக் கீழே ஃப்யூசிங்கும் வைக்கும் அரை கேன்வாஸ், கேட்டுத் தைத்தால் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் சொல்வதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மார்புப் பக்கத்தில் மேல்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறு கையாலும் கிள்ளி, மெதுவாகப் பிரித்து இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ். மேல்துணி விறைப்பாக ஒரே அட்டைபோல வந்தால் ஒட்டியது.

துணிக்கு வருவோம். சூப்பர் 100, 120, 150 என்ற எண்களைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டுமே குறிக்கிறது: சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் அதிகபட்சம் 18.75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 120 என்றால் 17.75, 150 என்றால் 16.25. எண் கூடக் கூடத் துணி வழுவழுப்பாகும், அதே அளவுக்குச் சீக்கிரம் கசங்கும், தேயும். அடிக்கடி போடும் சூட்டுக்கு 100 அல்லது 110 போதும். மிச்சமாகும் பணத்தைத் தையலில் போடுங்கள். எண்ணைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது எடை. சென்னை மாதிரி ஊருக்கு, ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் நீளம் 250 முதல் 280 கிராம் இருக்கும் சாதா நெசவு கம்பளி பொருந்தும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஒளி தெரியவேண்டும். கையில் பத்து விநாடி கசக்கிப் பிடித்துவிட்டால் சுருக்கம் தானாகவே பெரும்பாலும் விரியவேண்டும். பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவூல் உராய்வைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் புழுங்கும், வியர்வை வாடையை விடாது பிடித்துக்கொள்ளும். நம் ஊருக்கு முழுக் கம்பளிதான் எங்கள் தேர்வு.

நல்ல துணிக்குள் பாலியஸ்டர் லைனிங் கொடுத்தால் அத்தனையும் வீண். மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் துணியைக் கேளுங்கள், முதுகில் பாதி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். விஸ்கோஸ் அக்குளில் முதலில் நைந்துபோகும் என்பது உண்மைதான், ஆனால் லைனிங்கை மாற்றிக்கொள்ள முடியும்.

பேண்ட்தான் முதலில் போகும். நடக்கையில் தொடை உரசி, உட்காருகையில் சீட் தேய்ந்து, கோட் புதிதுபோல இருக்கும்போதே பேண்ட் கைவிடும். இரண்டாவது பேண்ட்டையும் அன்றைக்கே, அதே துணிச் சுருளிலிருந்து தைத்துவிடவேண்டும். பிறகு போய்க் கேட்டால் அதே சாயம் கிடைக்காது. கோட்டுக்கும் ஒரு பேண்ட்டுக்கும் 3.25 மீட்டர், இன்னொரு பேண்ட்டுக்கு 1.25, ஆக 4.5 மீட்டர். மீட்டர் 2,000 ரூபாய்த் துணி என்றால் 9,000; மீதி 11,000 தையல், கேன்வாஸ், லைனிங் மூன்றுக்கும். பேண்ட்டின் தொடைச் சந்தில் உள்பக்கம் ஒரு துண்டு மெல்லிய பருத்தித் துணி, முன்புறம் முழங்கால்வரை லைனிங், பின்தையலில் பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் மார்ஜின் (பிறகு பிரித்துப் பெரிதாக்க உள்ளே விடும் துணி), கீழ்மடிப்பில் குதிகால் உரசும் இடத்தில் நைலான் பட்டி என்று ஆர்டர் புத்தகத்திலேயே எழுதவைத்துவிடுங்கள்.

டிரையலில் தோளை முதலில் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். சுவரில் பக்கவாட்டில் சாய்ந்தால் புஜமும் கோட்டின் தோளும் ஒன்றாகச் சுவரைத் தொடவேண்டும். கோட்டின் தோள் முதலில் போய் முட்டினால் அகலம் அதிகம். கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் இடைவெளி கூடாது. பட்டன் போட்டதும் வயிற்றில் குறுக்கே சுருக்கம் விழுந்தால் இறுக்கம். கோட்டின் கைக்கு வெளியே சட்டை அரை இன்ச் தெரியட்டும். நீளம் உறுதியாகும் முன் கையில் காஜா (பட்டன் துளை) வெட்ட விடாதீர்கள். ஒரே டிரையலோடு முடிக்கப் பார்ப்பார்கள். இரண்டு கேளுங்கள்.

ரெடிமேட் எடுப்பவர்கள் கவனிக்கவேண்டியது: 40 சைஸ் கோட்டோடு பெரும்பாலும் 34 இடுப்புப் பேண்ட்தான் வரும். தொப்பை உள்ளவர்கள் கோட்டையும் பேண்ட்டையும் தனித்தனிச் சைஸில் கொடுக்கும் கடையைத் தேடுவது நல்லது.

டிரை வாஷ் வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். போடும்போது கோட்டையும் இரண்டு பேண்ட்டையும் சேர்த்தே போடவேண்டும், இல்லாவிட்டால் நிறம் பிரிந்துவிடும். அலுவலகத்திலிருந்து வந்ததும் பைகளைக் காலி செய்து, தோள் அகலமான ஹேங்கரில், ஓர் இரவு ஃபேன் காற்றில் தொங்கவிட்டு, பிரஷ்ஷால் தூசி தட்டிய பிறகே அலமாரிக்குள். முழங்கையும் சீட்டும் பளபளக்க உராய்வு ஒரு காரணம், நேரடி இஸ்திரி மற்றொன்று. ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்துத் தேயுங்கள். கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதற்குள் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் தைத்த உறை போதும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து, கோட்டைத் தொடாமல் வையுங்கள்.

டெய்லரிடம் கோட் வாங்கும்போது வெட்டியதில் மிஞ்சிய துணியையும் கேட்டு வாங்குங்கள். ஆணியில் மாட்டிக் கிழிந்தாலோ பூச்சி ஓட்டை போட்டாலோ, ரஃபூ போடுபவர் அதிலிருந்து இழை உருவித்தான் அதே நிறத்தில் நெய்து மூடுவார்.