ஜிபிஎல்லா, எம்ஐடியா? கடைசியில் பெட்டியை வாங்குபவரை நினைத்துப் பார்ப்போம்

நிரல் எழுதும் நண்பர்கள் நாலு பேர் கூடினால், கட்சி அரசியலில் தொடங்கும் பேச்சு, எழுதிய நிரலை மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று சொல்லும் மென்பொருள் உரிமத்தில் வந்து நிற்கும். "எம்ஐடி போடு, எடுக்கிறவன் எடுத்துக்கட்டும்" என்பார் ஒருவர். "ஜிபிஎல் போடு, எடுக்கிறவன் அடுத்தவனுக்கும் கொடுக்கட்டும்" என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவர் கட்சி.

எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் கேட்பது மிகக் கொஞ்சம்: பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காதீர்கள், அவ்வளவுதான். திருத்தலாம், விற்கலாம், மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய, படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, பூட்டியும் வைக்கலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் எழுதிய ஜிபிஎல்லும் திருத்தவும் விற்கவும் விடுகிறது, பூட்ட மட்டும் விடுவதில்லை. யாருக்கு மென்பொருளைக் கொடுக்கிறீர்களோ அவருக்கு மூலநிரலும் அதே உரிமையும் சேர்ந்தே போக வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனை என்ன செய்யும் என்பதற்கு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைச் சொல்வேன். நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனாவோடு இருக்குமே, அதுதான். அதன் உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல்லில் இருப்பதால் மூலநிரலைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து 2004இல், ரவுட்டர்களில் நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் பிறந்தது. என் வீட்டு மாடியில் ஒரு பழைய ரவுட்டர் இருக்கிறது. தயாரித்தவர்கள் அதற்கு அப்டேட் தருவதை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றிய பிறகு இன்றுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன.

இப்போது மறுபக்கம். பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக உருவாக்கிய மினிக்ஸ் என்ற இயங்குதளம், பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது. இன்டெல் அதை எடுத்துத் தன் சில்லுகளுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சினில் வைத்தது. கணினியின் இயங்குதளத்துக்கும் அடியில் ஓடும் அந்தப் பகுதியின் நிரலைக் கணினிக்குச் சொந்தக்காரரால் படிக்க முடியாது, எளிதில் அணைக்கவும் முடியாது. டானன்பாமுக்கே விஷயம் 2017இல் செய்தி பார்த்துத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்டெலுக்குத் திறந்த மடல் எழுதினார். சட்டப்படி இன்டெல் செய்ததில் தவறே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. டானன்பாம் கொடுத்த சுதந்திரம் இன்டெலோடு நின்றுவிட்டது, கணினி வாங்கியவருக்கு வந்து சேரவில்லை.

எம்ஐடிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளப் பயன்படும் டிசிபி/ஐபி நெறிமுறைக்காகப் பெர்க்லி பல்கலைக்கழகம் எழுதிய நிரலை யாரும் தயங்காமல் எடுத்துக்கொள்ள முடிந்தது இணையம் பரவ உதவியது. ஒரு தர நெறி எல்லா இடத்துக்கும் போக வேண்டுமென்றால் எம்ஐடியே சரி. மற்ற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் சின்ன லைப்ரரிகளுக்கும் அப்படித்தான். ஜிபிஎல்லிலும் ஓட்டை இருக்கிறது: மூலநிரலைக் கொடுத்துவிட்டு, நாம் திருத்தியதை அதே பெட்டியில் ஓடவிடாமல் பூட்டுகிறார்கள். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை அடைக்கப் பார்த்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுகொண்டது.

மூன்றாவதாக ஒரு கட்சியும் இருக்கிறது: கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதுவது. ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கான நிரல்களோடு வந்த ஜேசான் உரிமத்தில் "நல்லதற்கு, தீயதற்கு அல்ல" என்று ஒரு வரி உண்டு. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை வெளியிடும் டெபியன் குழு அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் எது தீயது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நிரல் எழுதியவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கட்சி மாறியதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதி எம்ஐடியில் விட்டிருந்தேன். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் "கொ", "கோ" போன்றவற்றைச் சரிசெய்யவே பல இரவுகள் போயின. பிறகு ஓர் அச்சகத்தில் விலைக்கு வாங்கிய மென்பொருளில் அதே நிரலைப் பார்த்தேன். நான் விட்டிருந்த ஒரு பிழையும் அப்படியே இருந்தது. "ஸ்ரீ" வந்தால் உடைகிறது, திருத்தித் தர முடியுமா என்று அச்சகக்காரர் கேட்டார். என் பிழை, எனக்குத் திருத்தத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கைவைக்க எனக்கும் வழியில்லை, அவருக்கும் வழியில்லை.

அடுத்த பதிப்பை ஜிபிஎல் மூன்றில் வெளியிட்டேன். சில திருத்தங்கள் அனுப்பியிருந்த ஒரு தங்கையிடம் முதலில் கேட்டேன். சட்டப்படி கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டேன். "போடுங்கண்ணா" என்றாள். பழைய பதிப்பு எம்ஐடியிலேயே இருக்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. புதியதை ஒரு பென்டிரைவில் போட்டு, மூலநிரலோடு, அச்சகக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.