கர்ரி தீவுக்கு வாடகை வண்டியில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 3,000 டாலர் போய்விட்டது

இன்று காலை வந்த மெயிலைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். நாங்கள் கட்டிய 3,000 டாலர் டெபாசிட்டில் ஒரு சென்ட்கூடத் திரும்ப வராதாம். வண்டியைக் கடல் தண்ணீரில் இறக்கிவிட்டோமாம். சத்தியமாக இறக்கவில்லை.

கடை, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரத்தில் ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு விடும் சின்ன இடம். பெயர் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். ஃப்ரேசர் தீவு என்று நமக்குப் பழக்கமான அந்த இடத்துக்கு 2023இல் புச்சுல்லா மக்களின் கர்ரி என்ற பெயரையே திரும்பக் கொடுத்தார்கள். 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், உலகத்திலேயே பெரிய மணல் தீவு. சாதாரண காரைக் கொண்டுபோய் அந்த மணலில் ஓட்ட முடியாது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் இந்தக் கடைகளிடம் போய் நிற்கிறோம்.

கவுண்டரில் இருந்தவர் அவ்வளவு அன்பாகப் பேசினார். குழந்தைகளுக்குத் தீவின் வரைபடம் கொடுத்தார், டிங்கோ நாய்கள் திரியும் இடத்தில் பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார், மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கக் காட்டிக்கொடுத்தார். கார்டு என்றால் கூடுதல் கட்டணம், பேங்க் ட்ரான்ஸ்ஃபர் செய்துவிடுங்களேன் என்றார். செய்தேன். 3,000 டாலர், அங்கேயே நின்று, போனில்.

என் மச்சினன் மட்டும் காதருகே வந்து, "மாமா, அடியில ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்றான். "வேணாம்டா, மனுஷன் இவ்வளவு நல்லா பேசுறாரு, அவர் முன்னாடி குனிஞ்சு பாத்தா நல்லா இருக்காது" என்று நான்தான் தடுத்தேன். வண்டியின் நிலையை எழுதும் தாளில் அடிப்பாகத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலிக் கட்டத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தீவின் தேசியப் பூங்காவுக்கான வண்டி அனுமதி வாடகையிலேயே சேர்ந்தது என்றும் சொல்லியிருந்தார். சேரவில்லை. இன்ஸ்கிப் முனையில், வண்டிகளைத் தீவுக்கு ஏற்றிப்போகும் பார்ஜுக்குக் காத்திருந்தபடியே போனில் தனியாகப் பணம் கட்டி வாங்கினேன். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

தீவில் மூன்று நாள். 75 மைல் கடற்கரைதான் அங்கே நெடுஞ்சாலை, வேக வரம்பெல்லாம் உண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர். கடல் முழுசாக ஏறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு மணி நேரம் அதில் ஓட்டக்கூடாது என்பார்கள். ஒருநாள் அந்தக் கடற்கரையோரம் இருக்கும் யூரோங்கில் பிள்ளைகள் சிணுங்கச் சிணுங்க உட்கார்ந்திருந்தோம், தண்ணீர் இறங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தேன். எலி ஓடையைக் கடந்தோம், ஆனால் அது நல்ல தண்ணீர். கரைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அடிப்பாகம் முழுக்க பிரஷர் வாஷ் அடித்தோம், ரசீது கையில் இருக்கிறது. சாவியை வாங்கிக்கொண்டு அதே மனுஷர், "சூப்பரா கொண்டுவந்திருக்கீங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வந்துடும்" என்றார்.

வெள்ளி போனது. மானேஜர் லீவு. அடுத்த வாரம், ஒர்க்‌ஷாப் அறிக்கை வரவேண்டும். அதற்கடுத்து, அந்த நபர் இங்கே வேலை பார்க்கவில்லை. பிறகு என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. மச்சினன் நம்பரிலிருந்து அடித்தால் இரண்டாவது மணிக்கே எடுக்கிறார்கள், என் குரலைக் கேட்டதும் லைன் கட்.

இன்று காலை மெயிலோடு ஒரு படம். சேஸியில் துரு, தோல் உரிந்த மாதிரி அடுக்கடுக்காக. 1935 புயலில் கரை ஒதுங்கிய மஹேனோ கப்பலைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவன் நான், அதில் இருப்பது போன்ற துரு. மூன்று நாளில் வருமா? பெரிதாக்கிப் பார்த்தேன். குறுக்குக் கம்பியின் மூலையில் ஒரு குளவிக்கூடு, விரல் நீளம், காய்ந்த மண், உடையாமல் முழுசாக. பிரஷர் வாஷ் அடித்த வண்டியில் மண்கூடு எப்படி நிற்கும்? ஒன்று, நாங்கள் வண்டியை வாடகைக்கு எடுப்பதற்கு முந்தைய படம். இல்லை, வேறு வண்டி. இதைக் கேட்டுப் பதில் எழுதினேன். "எங்கள் முடிவு இறுதியானது" என்று ஒற்றை வரி. 3,000 டாலர், அம்மாவை ஊரிலிருந்து வரவழைக்கச் சேர்த்து வைத்த பணம்.

எங்கே தங்கலாம், எந்த ஏரிக்கு எப்போது போகலாம் என்றெல்லாம் விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனசு இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். சாவி வாங்கும் முன் தரையில் படுத்தாவது அடிப்பாகத்தை வீடியோ எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் எடுங்கள். டெபாசிட்டைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், ட்ரான்ஸ்ஃபர் செய்த பணத்தை பேங்கில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். உப்புத் தண்ணீர்ச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள், எங்களுக்கு இல்லையாம். அனுமதிச் சீட்டைக் கண்ணால் பாருங்கள்.

நாளைக் காலை நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் ஃபேர் டிரேடிங் அலுவலகத்தில் புகார், அதிலும் நடக்காவிட்டால் குயின்ஸ்லாந்தின் கியூகேட் (QCAT) தீர்ப்பாயம். அங்கே இதுபோல் டெபாசிட் வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், அந்தக் குளவிக்கூடு படத்தை எப்படிச் சமர்ப்பிப்பது என்று தெரிய வேண்டும்.