கை போன தச்சருக்கு எவ்வளவு? ஏஐ சொல்வதும் சட்டம் தருவதும்

35 வயதுத் தச்சர் ஒருவர், மாதச் சம்பளம் 28,000 ரூபாய். 2024இல் பட்டறை ரம்பத்தில் சிக்கி இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈடு எவ்வளவு வரும்? வீட்டார் ஏஐ கணிப்பானைக் கேட்கலாம், சட்ட அட்டவணையை வைத்துத் தாங்களே கணக்குப் போடலாம், தொழிற்சங்கத்தாரையோ வக்கீலையோ பார்க்கலாம்.

ஏஐ நொடியில் பதில் தரும். ஆனால் 28,000 சம்பளத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டுவிட்டால் தொகை 23 லட்சத்தைத் தாண்டும். அது வராத பணம். இந்த விபத்துக்குப் பொருந்தும் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில், 2020 ஜனவரி முதல், எவ்வளவு சம்பாதித்தாலும் 15,000 வரைதான் கணக்கில் சேரும்.

அட்டவணைக் கணக்குக்குப் பேனாவும் தாளும் போதும். 15,000இல் 60 விழுக்காடு 9,000. அதை 35 வயதுக்குச் சட்டம் தரும் எண்ணான 197.06ஆல் பெருக்கினால் 17,73,540. இது முழு ஊனத்துக்கான தொகை. கை அந்த இடத்தில் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 70 விழுக்காடு (மிஞ்சிய பகுதி மிகக் குட்டையென்றால் 80). ஆக 12,41,478 ரூபாய். கணக்கில் பிழை இல்லை.

ஆனால் 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்ததே வேறு. அங்கும் தச்சர்தான், அங்கும் முழங்கைக்கு மேலே இடது கை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனம் என்றது நீதிமன்றம். அப்படியானால் நம் தச்சருக்கு முழுத் தொகையையும் கேட்க வழியிருக்கிறது. வித்தியாசம் 5,32,062 ரூபாய். தச்சருக்குக் கை என்னவென்று அட்டவணை கேட்காது. அட்டவணையை மட்டும் பார்த்துச் சொல்லும் கணிப்பானும் கேட்காது.

நல்ல சங்கத்துக்காரர் முதலில் கேட்பது "சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்களா?" என்றுதான். பிடித்திருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது, இ.எஸ்.ஐ.யில்தான் ஊனப் பலன் வாங்க வேண்டும். அடுத்து, பணம் தரத் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டி, காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதம். இவற்றுக்காக வாதாட ஆள் வேண்டும், வழக்கும் இழுக்கும். ஆனாலும் என் ஓட்டு இவருக்கே.

எந்தத் தேதியில் விபத்து என்று கேட்காத கருவியை உடனே மூடிவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. ஏஐ சொன்ன தொகையை நம்பி, முதலாளி நீட்டும் "முழுத் தீர்வு" தாளில் கையெழுத்துப் போடும் முன் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.