செடித் தொட்டிக்கு கேஸ்: பாளையங்கோட்டை வெயிலில் ஐந்து வருடம்

எங்கள் வீட்டு முன்னறையில் தண்ணீருக்குள் செடி வளர்க்கும் மூன்றடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். ரோட்டாலா, மான்டி கார்லோ, கொஞ்சம் கிரிப்டோகோரைன், கூடவே ஹார்லிக்வின் ராஸ்போரா மீன்கள். 2020 ஊரடங்கில் தொடங்கியது. இந்தத் தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடை அளவோடு வைத்திருக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். செடித் தொட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. நம் சித்திரை வெயிலுக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் இரண்டு லிட்டர் கலர் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு கேஸ் எடுத்தேன். சூட்டில் ஈஸ்ட் பொங்கிக்கொண்டு வேலை செய்யும். நாலு நாள் கேஸ் கொட்டும், பத்தாம் நாள் ஓய்ந்துவிடும். ராத்திரி நிறுத்தவும் வழியில்லை. அளவு இப்படி ஏறி இறங்கியதில் செடியை முந்திக்கொண்டு கரும்பாசி வந்தது, இலை ஓரமெல்லாம் தாடி மாதிரி. அப்புறம் சிட்ரிக் அமிலமும் ஆப்பசோடாவும். ஈஸ்ட்டை விட இது எவ்வளவோ மேல், சின்னத் தொட்டிக்குத் தாராளமாகப் போதும். 180 லிட்டருக்கு அடிக்கடி கலக்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

2021இல் இரண்டு கிலோ சிலிண்டர் வாங்கினேன். சோடா கம்பெனிகளுக்கு கேஸ் நிரப்பித் தரும் கடையிலேயே இதையும் நிரப்பிக்கொள்ளலாம். முதல் தடவை போனபோது கடை அண்ணாச்சி, "மீனுக்கு எதுக்கு தம்பி இந்த கேஸு? மூச்சு முட்டிச் செத்துராதா?" என்று கேட்டார். செடிக்குத்தான் அண்ணாச்சி என்று விளக்கிவிட்டு வந்தேன். அவர் கேட்டதில் இருந்த நியாயம் அடுத்த கோடையில் புரிந்தது.

டிராப் செக்கர் என்றொரு கண்ணாடிக் குமிழ் உண்டு. தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் நீலமென்றால் கேஸ் குறைவு, பச்சையென்றால் சுமார் 30 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), மஞ்சளென்றால் மிகை. அதற்குள் தொட்டித் தண்ணீரையே ஊற்றி நிறச்சொட்டை விடச் சொன்னார் விற்றவர். அப்படியே செய்தேன். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது தாமிரபரணித் தண்ணீர். மலையிலிருந்து வரும் மென்மையான தண்ணீர் அது, என் டெஸ்ட் கிட்டில் கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 3தான் காட்டும். அதனால் ஒரு வருடம் எந்தக் கோளாறும் தெரியவில்லை. 2022 மே மாதம் குழாயில் தண்ணீர் குறைந்தது. தொட்டித் தண்ணீரை மாற்றி போர் தண்ணீர் விட்டேன், டிராப் செக்கரிலும் அதையே ஊற்றினேன். நீலம் போகவே இல்லை. கேஸைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் மதியம் அழகான பச்சை வந்தது. சாயங்காலம் பார்த்தால் மீன்கள் அத்தனையும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் படபடவென்று அடித்தது. கேஸை நிறுத்தி, ஏர் பம்ப்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றியும் ஆறு மீன் போய்விட்டது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கே.எச்.சை மூன்றால் பெருக்கி, அதைப் பத்தின் (7 கழித்தல் பி.எச்.) அடுக்கால் பெருக்கினால் பிபிஎம் வரும். பி.எச். என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண். பச்சை என்பது பி.எச். 6.6. கே.எச். 4 இருந்தால் அந்தப் பச்சைக்கு 30 பிபிஎம். போர் தண்ணீரின் கே.எச். 10, அதே பச்சைக்கு 75! டிராப் செக்கருக்குள் இருக்க வேண்டியது கே.எச். 4 என்று தயாரித்த திரவம் மட்டும்தான், தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது. இதைத் தெரியாமல் இன்றும் பலர் தொட்டி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். சரியான திரவம் ஊற்றினாலும் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். இப்போது பார்க்கும் பச்சை முன்பிருந்த அளவைத்தான் காட்டுகிறது.

அதனால் பி.எச். அளக்கும் பேனாவையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வெளியே வைத்து, கேஸ் போன பிறகு அளப்பேன். விளக்கு எரியும் நேரத்தில் தொட்டிக்குள் பி.எச். அதைவிட ஒரு புள்ளி குறைந்திருக்க வேண்டும். ஒரு புள்ளி இறங்கினால் கேஸ் பத்து மடங்கு ஏறியிருக்கிறது. பேனாவை மாதம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் அது சொல்வதை நம்ப முடியாது.

வெயிலுக்கு வருகிறேன். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்காது. மார்கழியில் 65 பார் அழுத்தம் காட்டிய ரெகுலேட்டர் முள், சித்திரை மதியத்தில் 85ஐத் தொட்டது. முதலில் பயந்தே போனேன். சிலிண்டரை முழுக்க முட்ட நிரப்பச் சொல்லக் கூடாது, ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைக்கவும் கூடாது. எவ்வளவு மீதி என்பதை முள்ளை வைத்துச் சொல்ல முடியாது. மேலே பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்து, தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. எனக்கு ஒரு நிரப்பு ஆறு மாதத்துக்கு மேல் வருகிறது. கடைசி நூறு இருநூறு கிராமில் சாதாரண ரெகுலேட்டர் திடீரென்று கூடுதலாக விடும். அதற்கு முன்பே கழற்றிவிடுகிறேன்.

தண்ணீர் 32 டிகிரிக்குப் போனால் அதில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் நிற்கும், மீனுக்கோ அப்போதுதான் தேவை அதிகம். கோடை நாலு மாதம் கேஸைக் குறைத்து, விளக்கையும் ஆறு மணி நேரமாக்குகிறேன். மேல்மட்டம் எப்போதும் சலசலக்கும்படி பில்டர் வாயைத் திருப்பி, ஒரு சின்ன ஃபேனும் வைக்கிறேன். ஃபேன் காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கொஞ்சம் கேஸ் வெளியேறும்தான், போகட்டும். செடி ஒரு வாரம் மெதுவாக வளரலாம், மீனுக்கு மூச்சு வேண்டும்.

காலை ஒன்பதுக்கு கேஸ், பத்தரைக்கு விளக்கு, மாலை நாலுக்கு கேஸ் நிறுத்தம். எல்லாம் சோலனாய்டும் (கரண்ட்டில் திறந்து மூடும் வால்வு) டைமரும் பார்த்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18இல் பெருமழை வந்து ஊரே இருண்டபோது சோலனாய்டு தானாக மூடிக்கொண்டது. பேட்டரி ஏர் பம்ப்பில் மீன்கள் பிழைத்தன. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. விளக்குக்கு பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர், கேஸுக்குப் பழைய சுழல் டைமர். கரண்ட் முப்பது மணி நேரம் இல்லாததில் சுழல் டைமர் ஆறு மணி நேரம் பின்தங்கியிருந்தது. விளக்கு அணைந்த பிறகும் ராத்திரி பத்து வரை கேஸ் போயிருக்கிறது. படுக்கப் போகும்போது மஞ்சளாகக் கிடந்த டிராப் செக்கர் கண்ணில் பட்டதால் பிழைத்தோம். மறுநாளே இரண்டும் டிஜிட்டல்.

சரியாக அமைந்த நாளில் மதியம் இரண்டு மணிக்குத் தொட்டி முன் உட்கார வேண்டும். ரோட்டாலா நுனியிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் நூல் பிடித்தாற்போல் மேலே ஏறும். மான்டி கார்லோ முழுக்க வெள்ளிமணி பதித்த மாதிரி இருக்கும். ராஸ்போராக்கள் நடுத்தண்ணீரில் நிதானமாகத் திரியும். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் அளவு சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி போன வருடம் தொட்டி வைத்தான். தனக்கும் சிலிண்டர் வேண்டுமா என்று கேட்டான். அவன் வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி அந்தக் கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். நாலு கன்று பிடுங்கிக் கொடுத்தேன். கேஸே இல்லாமல் பின்சுவர் முழுக்கப் பரவி, இப்போது வேண்டியவர்களுக்கு அவன் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.