வெட்டுவதா, விற்பதா: உப்புவெளியில் ஒரு தவளைக்கண் கார்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் என் மாமனார் வீட்டுக் கொட்டகையில் ஓர் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்ற பழைய ஆங்கிலேயக் கார் நிற்கிறது. 1958 முதல் 1961 வரை மட்டும் தயாரான முதல் வகை. இரண்டு விளக்குகளும் போனெற்றின் மேல் பிதுங்கி நிற்பதால் ‘தவளைக்கண்’ என்ற பட்டப்பெயர் அதற்கு. தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் ஊருக்குப் புறப்பட்ட ஒரு தோட்டத்துரையிடம் மாமா வாங்கியது. மாமா போன வருடம் காலமானார். கனடாவிலிருக்கும் மூத்த மகன் விற்கச் சொல்கிறார். இங்கேயே இருக்கும் மச்சானோ ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டி நிலாவெளி வீதியில் பறக்க ஆசைப்படுகிறான். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மருமகனுக்கு இதைவிட ஆபத்தான வேலை கிடையாது.

முதலில் நான் மச்சான் பக்கம்தான் சாய்ந்தேன். 948 சீசீ, 43 குதிரைவலு என்பது இன்றைய வீதியில் பரிதாபத்துக்குரிய கணக்கு. முதல் கியரில் சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் பொறி) இல்லை. வண்டி முழுதாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் நடுப்பகலில் ஓட்டினால் வெப்பமானி முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். நிசான் சன்னியின் ஏ15 எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் இந்தக் குறைகளில் பாதியைத் தீர்க்கும். அமெரிக்காவில்கூட இந்தக் கார்களுக்கு நிசானின் ஐந்து கியர் பெட்டியைப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிறுக்குத்தனம் என்று ஒதுக்க முடியாது.

என் மனம் மாறியது காரின் கீழே படுத்துப் பார்த்தபோதுதான். மொரிஸ் மைனர் காருக்கு அடியில் தனிச் சட்டம் (சேஸி) இல்லாததுபோல இதற்கும் இல்லை. தரைத்தகடு, நடுச்சுரங்கம், பக்கவாட்டுப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்ததே முதுகெலும்பு. எஞ்சின் தாங்கியை வெட்டி ஒட்டி, சுரங்கத்தைத் தட்டி அகலமாக்கினால் முதுகெலும்பில் கைவைத்ததாகிவிடும். பின்புற வில்லுகளோ (ஸ்பிரிங்) முழு வில்லுகள்கூட அல்ல, கால்வாசிதான். அவற்றின் ஒரு முனை ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள இரண்டு தகட்டுப் பெட்டிகளுக்குள் செருகியிருக்கிறது. அந்தப் பெட்டிகள் ஐம்பது வருட உப்புக்காற்றைக் குடித்தவை. நிசானின் கூடுதல் இழுவை நேரே அங்கேதான் போய் இறங்கும்.

மச்சானின் பெரிய வாதம், “பழைய எஞ்சினுக்குப் பாகம் எங்கே எடுப்பது?” என்பது. ஒரு ஜாகுவாரைப் பற்றிச் சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேன். ஸ்பிரைட் விஷயத்தில் இது செல்லாது. எஞ்சின் மொரிஸ் மைனர் 1000இன் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. இதற்கு இரட்டைக் கார்புரேற்றரும் கொஞ்சம் உறுதியான வால்வுகளும் உண்டு, வேறுபாடு அவ்வளவுதான். ஸ்டியரிங் ராக்கும் மைனருடையது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35இன் சொத்து. மைனருக்கு இலங்கையில் பஞ்சமா? மைனரின் பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த நாடு இது. கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அரை நாள் அலைந்தால் பாதிக் கார் கையில் வந்துவிடும். பாகம் இல்லை என்று சொல்லிக் கார்களை வெட்டும் கராஜ்காரர்கள் பெரும்பாலும் தேடிப் பார்க்காதவர்கள். திருகோணமலையில் ஒருவர் இதே காரணத்தைச் சொல்லி நண்பர் ஒருவரின் பழைய காரைப் பிரித்தார். மூன்று வருடமாக அது பிரித்தபடியே கிடக்கிறது.

இனி விற்பனை. கொழும்பிலிருந்து வரும் விஷயமறிந்த வாங்குபவர் பெயின்ற்றைப் பார்ப்பதில்லை. போனெற்றைத் தூக்கி, சட்ட இலக்கம் ‘ஏஎன்5’ என்றும் எஞ்சின் இலக்கம் ‘9சி’ என்றும் தொடங்குகின்றனவா, அவை பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்ப்பார். இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதினால் கார் எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த நாட்டுக்கெனத் தயாரானது என்று சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாளோடு எஞ்சின் பொருந்தினால் பேரம் வேறு தளத்துக்குப் போகும். நிசான் எஞ்சினுக்கு மாறிய கணத்தில் அந்தத் தாள் வெறும் நினைவுப்பொருள். போதாததற்கு, புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யும் அலைச்சலும் இருக்கிறது. மாற்றிய காருக்கும் வாங்குபவர் உண்டு என்கிறான் மச்சான். உண்டுதான், ஆனால் அவர் தேடுவது தன் ரசனைக்கு மாற்றிய காரை, மச்சானின் ரசனைக்கு அல்ல.

பழைய இலக்கத்தகட்டுக்கும் மதிப்பு என்றார் ஒரு தரகர். அதில் இருப்பது சிங்கள ‘ஸ்ரீ’. 1957இல் அந்த எழுத்துக்கு எதிராக வடக்கிலும் கிழக்கிலும் போராட்டம் நடந்தது. மாமாவும் அந்தத் தலைமுறைதான். இருந்தும் தகட்டைக் கழற்றாமல் எண்ணெய் பூசி வைத்திருந்தார். ஏன் என்று உயிரோடு இருந்தபோது நான் கேட்கவில்லை.

விற்பதில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான்: இப்போதைய நிலையில் விற்றால் துருவைக் காட்டியே விலையை அடிப்பார்கள்.

இரண்டு சகோதரர்களும் பேசாத வழி ஒன்று உண்டு: ஸ்பானரால் பூட்டி, ஸ்பானராலேயே கழற்றக்கூடிய மாற்றங்கள். மைனரின் பிந்திய 1098 சீசீ எஞ்சின் வெட்டாமலே உட்காரும். 1962க்குப் பிந்திய ஸ்பிரைட்டின் முன் டிஸ்க் பிரேக்கும் அப்படியே. ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மின்விசிறி. அசல் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, சாக்கில் சுற்றி, கொட்டகை மூலையில் வைத்தால் நாளைக்கு யார் கேட்டாலும் திரும்பப் பூட்டலாம். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனதால், அசல் எஞ்சினையே ஓட்டுவதென்றால் வால்வு இருக்கைகளைக் கடினமானவையாக மாற்றவேண்டும். அது திரும்பாத வேலைதான், ஆனால் எந்த வாங்குபவரும் அதற்காக முகம் சுளிக்கமாட்டார். வேகம் மட்டும் மச்சான் கனவு காணும் அளவுக்கு வராது. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை அந்த வேகத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்று அவன்தான் சொல்லவேண்டும்.

ஆகவே என் வரிசை இது: கழற்றக்கூடிய மாற்றம் முதலில், விற்பனை அடுத்து, நிசான் கடைசி. வெட்டத்தான் வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தால் விற்றுவிட்டு அந்தப் பணத்தில் ஒரு நல்ல சன்னியையே வாங்கட்டும் என்றேன். கனடாக்காரர் தொலைபேசியில் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் அந்த இரண்டு வில்லுப் பெட்டிகளையும் முதலில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டும் என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போனோம். தகடு ஒட்டும் டிங்கர் பாஸ் செவ்வாய்க்கிழமை வருகிறார்.