வகுப்பு விதிகளை யார் எழுதுவது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாலை நேரக் கணினி வகுப்பு. வேலை முடிந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வரும் பெரியவர்கள். விதிகளை ஆசிரியரே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஒருநாள் பட்டறைக்கு அது போதும்.

பல வாரம் நீளும் வகுப்புக்கு, எல்லாரும் பேசி முடிவெடுப்பதே சரி என்பேன். அரை மணி நேரம் போகும், போகட்டும். 'கைப்பேசியை அணைக்கவும்' என்று தாளில் இருந்தால், குழந்தையை வீட்டில் விட்டு வந்த அக்கா என்ன செய்வார்? கேட்டால்தான் "சத்தத்தை மட்டும் நிறுத்துவோம், அவசரமென்றால் வெளியே போய்ப் பேசுவோம்" என்று வழி பிறக்கும். ஷிப்ட் வேலைக்காரர் தாமதமாக வருவதும் அப்படித்தான். பெரியவர்கள் தங்கள் கற்றலைத் தாங்களே நடத்த விரும்புவார்கள் என்று முதியோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார்.

ஒன்று மட்டும்: யாரையும் இழிவாகப் பேசக்கூடாது என்பதை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். அதை ஆசிரியரே முதலில் சொல்லிவிட வேண்டும்.