பூமலை: எந்த வாசலில் இறங்குவது?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் போகலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த வாசல் என்று முடிவு செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

எத்தனை முறை போனாலும் எரிச்சல் தருவது இது ஒன்றுதான். தோட்டம் அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். 1859இல் தெற்கே தங்ளின் பக்கம் தொடங்கியது. பயிர் ஆராய்ச்சிக்காக வடக்கே நிலம் சேர்ந்தது 1879இல். இரு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். தோட்டத்தின் பெயரையே தாங்கிய எம்ஆர்டி ரயில் நிலையம் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) மூன்றே நிறுத்தம், ஆனால் வடக்கு முனையில் இறக்கிவிடும். அன்னக்குளமும் சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் உள்ள தெம்பூசு மரமும் தெற்கே. ஆர்க்கிட் தோட்டம் நடுவில். "பூமலையில பாப்போம்" என்று மட்டும் பேசிவைத்தால் சாப்பாட்டுப் பை ஒரு வாசலிலும் பசித்த பிள்ளைகள் இன்னொரு வாசலிலும் நிற்பார்கள்.

நடந்து கடக்க வேண்டியதில்லை. பூமலை நிலையத்திலிருந்து டௌன்டவுன் தடத்தில் ஒரு நிறுத்தம், ஸ்டீவன்ஸ். அங்கே தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தடத்துக்கு மாறி இன்னொரு நிறுத்தம், நேப்பியர். தங்ளின் வாசல் அருகிலேயே. 2022இல் நேப்பியர் நிலையம் திறந்த பிறகும் பலர் முழங்கால் வலிக்காரர்களை வெயிலில் நடத்தியே கூட்டிப்போவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கென்றால் வடக்கு முனைதான். ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. கூடவே 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர் விளையாட்டு உண்டு, மாற்றுத்துணி அவசியம். 1875 முதல் 1905 வரை பூமலையில் மிருகக்காட்சி சாலையே இருந்தது. இப்போது உடும்பும் ஆமையும் காட்டுக்கோழியும்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் உடும்பே போதும்.

பெரியவர்களுக்கு ஆர்க்கிட் தோட்டம். டாக்சியில் வந்தால் நாசிம் வாசலில் இறங்குங்கள், நடை குறைவு. இதற்கு மட்டும் நுழைவுக்கட்டணம் உண்டு: சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு 5 வெள்ளி, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு 15 வெள்ளி, 60 வயதானவர்களுக்கு இதைவிடக் குறைவு, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். குளிர்கூடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வியர்வை அடங்கும்.

ஒன்றை மட்டும் பெரியவர்களிடம் சொல்லாமல் விடாதீர்கள். 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தது இந்தத் தோட்டத்துக்குத்தான். பிற்பாடு இங்கே இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் கண்டார்: பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவுவது, அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பில் மறுபடியும் சீவுவது. உள்மரத்தில் கத்தி பட்டால் பட்டை முண்டுமுண்டாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்டமுடியாது. மலாயாத் தோட்டங்களில் நம் ஆட்கள் விடியுமுன் எழுந்து கையாண்ட வேலை இதுதான். கேட்கும்போதே பல தாத்தாக்களின் நடை நின்றுவிடும்.

நிழலும் மரமும் இலவச நுழைவும் இவ்வளவு அருமையாக இருந்தும், சிங்கப்பூரில் ஒரே நாள் தங்கும் விருந்தாளியை இங்கே கூட்டிவரச் சொல்லமாட்டேன். பாதி பார்ப்பதற்குள் பதினொரு மணி வெயில் ஏறிவிடும், வெயில் தணியக் காத்திருந்தால் இடிமழை பிடித்துக்கொள்ளும். இரண்டு காலைப்பொழுது ஒதுக்க முடிகிறவர்கள் மட்டும் வாருங்கள்: வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று.